சூடு போகும் வழி

பெட்ரோல் பங்கில் 100 ரூபாய் கொடுக்கிறீர்கள். அதில் ஏறக்குறைய 70 ரூபாய் வண்டியை நகர்த்த உதவுவதில்லை. ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாக வெளிக்காற்றுக்குப் போகிறது. மிச்சமிருக்கும் 30 ரூபாய்தான் சக்கரத்தை உருட்டுகிறது. அதிலும் ஒரு பகுதி, நீங்கள் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் மறுபடி சூடாக மாறிக் காற்றில் கரைந்துவிடுகிறது.

கார் என்பது சூட்டை உண்டாக்கி, அதில் கொஞ்சத்தை ஓட்டமாக்கி, மீதியை ஒழுங்காக வெளியே அனுப்பிப் பிழைக்கும் இயந்திரம். ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், கூலன்ட், இன்ஜின் ஆயில், பிரேக் டிஸ்க் எல்லாவற்றுக்கும் சூட்டைக் கடத்தும் வேலை உண்டு. பெரிய செலவு வைக்கும் பழுதுகளைப் பின்னோக்கித் தேடிப் போனால், சூடு போகவேண்டிய வழி எங்கோ அடைபட்டதில்தான் பல தடவை போய் முடியும். அதனால் பாகங்களின் பெயரை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, சூடு பிறக்கும் இடத்திலிருந்து அது வெளியேறும் இடம்வரை கூடவே நடந்து போவது புதிதாகக் கற்பவருக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த அத்தியாயம் அப்படித்தான் போகிறது.

சிலிண்டருக்குள்

இன்று ஓடும் பெட்ரோல் கார்களின் அடிப்படை, 1876இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ செய்துகாட்டிய நான்கு வீச்சு முறை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் இழுக்கப்படுகின்றன. அது மேலே ஏறும்போது அந்தக் கலவை சுமார் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது, கலவை எரிந்து விரிகிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. மீண்டும் மேலே வரும்போது எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. நான்கு வீச்சில் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்ற மூன்றும் அதற்கான ஆயத்தமும் சுத்தம் செய்தலும். பிஸ்டனின் இந்த ஏற்ற இறக்கத்தைக் கிராங்க்ஷாஃப்ட் சுழற்சியாக மாற்றுகிறது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, 16 அல்லது 18இல் ஒரு பங்காக நெருக்குகிறது. அப்படி நெருக்குவதாலேயே காற்று பல நூறு டிகிரி சூடாகிறது. அதற்குள் டீசலைப் பீய்ச்சியதும் தானே பற்றிக்கொள்கிறது. இந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டும் என்பதால்தான் டீசல் இன்ஜினின் உடல் கனமாக இருக்கிறது.

டேக்கோமீட்டர் முள் 3-இல் நிற்கிறது என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை என்று ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 தடவை தீ பிடிக்கிறது. மூன்று சிலிண்டர் கார் என்றால் நொடிக்கு 75. ஒவ்வொரு தடவையும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பிஸ்டனும் மேலே மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிறகு எப்படி உருகாமல் நிற்கிறது? தீ இருப்பது நொடியின் மிகச் சிறு துளி நேரந்தான். அடுத்து வரும் புதுக் காற்று கொஞ்சம் ஆற்றுகிறது. அதைவிட முக்கியம், சுவருக்கு வெளிப்பக்கம் கூலன்டும் உள்பக்கம் ஆயிலும் இடைவிடாமல் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. இந்த இரண்டில் ஒன்று நின்றாலும் உலோகம் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

தண்ணீரின் சுற்று

சிலிண்டர்களைச் சுற்றி இன்ஜின் உடலுக்குள்ளேயே வாய்க்கால்கள் உண்டு. வாட்டர் பம்ப் கூலன்டை அவற்றின் வழியே தள்ளுகிறது. சூடேறிய கூலன்ட் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, எதிர்க்காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. வண்டி நிற்கும்போது எதிர்க்காற்று இல்லை என்பதால் ஃபேன் அந்த வேலையைச் செய்கிறது.

நடுவில் ஒரு காவல்காரன் இருக்கிறான்: தெர்மோஸ்டாட். அதற்குள் மெழுகு அடைத்த சிறு குப்பி. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அது மூடியே இருக்கும். கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். பெரும்பாலான வண்டிகளில் 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். இன்ஜின் சீக்கிரம் சூடாகவேண்டும், பிறகு அதே சூட்டில் நிற்கவேண்டும். இரண்டையும் மின்சாரம் எதுவும் இல்லாமல் இந்தச் சிறிய பொருள் பார்த்துக்கொள்கிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வண்டி சூடாகிறது என்று கொண்டுபோனால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு “நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்ல சார்” என்று சொல்லும் பட்டறைகள் நிறைய. சம்மதிக்காதீர்கள். நம் ஊர் வெயில் 40 டிகிரி. இன்ஜினுக்கு வேண்டியது 90 டிகிரி. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் அந்த நிலைக்கு வரவே நேரமாகும். அதுவரை வண்டியின் கம்ப்யூட்டர், இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் இறங்கும், சிலிண்டர் சுவர் தேயும். உண்மையான கோளாறும் எங்கோ ஒளிந்தபடியே இருக்கும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். அதன் விலை, இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. குக்கர் மூடியில் வெயிட் செய்யும் வேலையை இது செய்கிறது. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை ஏறும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஊட்டி உயரத்தில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். இன்ஜின் ஓடுவதோ 90ஐ ஒட்டி. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதாலும், தண்ணீரோடு எத்திலீன் கிளைக்கால் கலந்திருப்பதாலும் நல்ல கூலன்ட் 120 டிகிரியிலும் கொதிக்காமல் திரவமாகவே நிற்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். ஒழுகல் எங்கும் தெரியவில்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது என்றால் முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள்.

சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட நொடியில் உள்ளே 110 டிகிரியில் இருக்கும் கூலன்ட் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறந்தாலும் இதே கதிதான்.

கூலன்டுக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். படிந்த உப்பு சூட்டைக் கடத்தாது, குழாயையும் அடைக்கும். வழியில் வேறு கதியில்லாமல் ஊற்றினால் ஊற்றுங்கள். ஊருக்கு வந்ததும் வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் நிரப்பச் சொல்லுங்கள். கூலன்டை நிறம் பார்த்து வாங்கவேண்டாம். பச்சை எல்லாம் ஒரே வகை, சிவப்பு எல்லாம் ஒரே வகை என்று கிடையாது. வண்டிக் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். கீழே சிந்தினால் கழுவிவிடுங்கள். நாய், பூனை நக்கும். மிச்சத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டும் பாட்டிலில் வைக்காதீர்கள்.

முள் ஏறும்போது

பல புது சிறிய கார்களில் வெப்பநிலை முள்ளையே எடுத்துவிட்டார்கள். குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமில்லை. இது ஓட்டுநருக்கு நட்டம் என்றே நினைக்கிறேன்; மெல்ல ஏறுவதைப் பார்த்து முன்கூட்டியே நிறுத்தும் வாய்ப்பு போய்விட்டது. முள் இருக்கும் வண்டிகளிலும் அது முழு நேர்மையானதல்ல. 75 டிகிரியிலிருந்து 105வரை நடுவிலேயே நிற்கும்படி பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். ஆகவே முள் நடுக்கோட்டை விட்டு மேலே நகர ஆரம்பித்தாலே விஷயம் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கூலன்ட் முழுதும் ஒழுகிப் போய்விட்டால் சென்சார் தண்ணீரில் நனையாமல் வெறும் ஆவியில் நிற்கும். அப்போது இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே விழலாம். ஏறிய முள் திடீரென்று இறங்கியது, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது, பானெட்டிலிருந்து இனிப்பு வாடை அடிக்கிறது என்றால் நிம்மதி அடையாதீர்கள், உடனே நிறுத்துங்கள்.

“அண்ணே, வண்டி ஹீட் ஆகுது” என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்ப்பார். எப்போது ஆகிறது என்று சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

சிக்னலில் நின்றால் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்குகிறது என்றால் எதிர்க்காற்று வரும்வரை ரேடியேட்டர் ஆறவில்லை. ஃபேன் வேலை செய்யவில்லை. இதை நீங்களே சோதிக்கலாம். வண்டியை நிறுத்தி வைத்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே முன் ஃபேன் சுற்றவேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் மூன்றில் ஒன்று. கையை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானே கிளம்பும் வண்டிகள் உண்டு.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் சும்மா இருக்கிறது, நெடுஞ்சாலையில் 100இல் போனாலோ மேட்டில் ஏறினாலோ சூடாகிறது என்றால் ஃபேன் மீது குற்றமில்லை. இன்ஜின் அதிகச் சூடு தரும்போது அதை முழுதும் ஆற்றும் அளவுக்குக் கூலன்ட் ஓடவில்லை. ரேடியேட்டர் உள்ளே உப்பு அடைத்திருக்கலாம், வெளியே பூச்சியும் தூசியும் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதி திறந்து நின்றிருக்கலாம், பம்ப்பின் இறக்கை தேய்ந்திருக்கலாம். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் குப்பை சேர்ந்தால் வெளியிலிருந்து தெரியாது. கழுவும்போது தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்றுவழியும் மூடிவிடும்.

பேட்டரி விளக்கும் எரிந்து, சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பல கார்களில் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. அப்படிப்பட்ட வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறது, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் வழவழப்பு ஒட்டியிருக்கிறது என்றால், சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் உடலுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. கூலன்ட் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் கசிகிறது. இது பெரிய வேலைதான். ஆனால் ஓட்டிக்கொண்டே இருந்தால் ஹெட் வளைந்து இன்னும் பெரிய வேலையாகிவிடும். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வரும் வெள்ளை ஆவி வேறு. அது சாதாரணம், தானே நின்றுவிடும்.

வழியில் கொதித்துவிட்டால் செய்யவேண்டியவை சில. ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, ஜன்னல்களை இறக்குங்கள். ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். அது கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஓரமாக நிறுத்த இடம் கிடைத்ததும் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்துவிட்டு, தள்ளி நில்லுங்கள். ஆவி வெளியே பொங்கிக்கொண்டிருந்தால் பானெட்டைத் தொடவும் வேண்டாம். குறைந்தது அரை மணி நேரம். அவசரத்தில் பச்சைத் தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெந்த இரும்பும் அலுமினியமும் திடீரென்று சுருங்கினால் விரிசல் விடும். மேல் ஹோஸ் கைக்கு இதமாக ஆன பிறகு மூடியைத் திறந்து, இன்ஜின் ஓடும் நிலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மறுபடி ஓட்டும்போது முள் மீண்டும் ஏறினால் பிடிவாதம் வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஆயில்

சூட்டு விளக்கு எரிந்தால் உங்களுக்கு ஒரு நிமிடமாவது இருக்கிறது. எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் அதுவும் இல்லை. கிராங்க்ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை; மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளியில், அழுத்தத்தோடு வரும் ஆயிலின் மேல் அது மிதக்கிறது. அழுத்தம் போனால் உலோகம் உலோகத்தோடு உரசி, சூடேறி, ஒட்டிக்கொண்டுவிடும். “இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு” என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். அடுத்த பங்க்வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல், ஓரங்கட்டிய கையோடு சாவியைத் திருப்புங்கள்.

ஆயில் வழுக்கிவிடும் பொருள் என்றே பலர் நினைக்கிறார்கள். பிஸ்டனின் அடிப்பக்கத்துச் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவருவதும் அதுதான். டர்போ இருக்கும் வண்டிகளில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் தண்டையும் அதுவே ஆற்றுகிறது. அதனால்தான் நெடுஞ்சாலையில் விரட்டி வந்த டர்போ வண்டியைச் சுங்கச்சாவடி ஓட்டலில் நிறுத்தியவுடன் அணைக்காமல், ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பது நல்லது.

டின்னில் 5டபிள்யூ-30 என்றிருந்தால் முதல் எண் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். கெட்டி ஆயில் போட்டால் இன்ஜினுக்கு நல்லது என்பது பழைய வண்டிக்காலத்து நம்பிக்கை. இன்றைய இன்ஜின்களின் இடைவெளி குறுகல்; கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேர நேரமாகும். மாதம் ஒருமுறை சமதளத்தில், இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு நிறமானது மட்டும் குற்றமில்லை. அழுக்கைத் தன்னோடு எடுத்துக்கொள்வது அதன் வேலை. ஆனால் தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், கிலோமீட்டர் ஆகவில்லை என்று ஆயில் மாற்றாமல் விடாதீர்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

கிளட்ச்

இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றுக்குக் கீழே நிம்மதியாக ஓடாது. நிற்கும் வண்டியின் சக்கரமோ சுற்றவே இல்லை. இந்த இரண்டையும் இடிக்காமல் சேர்ப்பது உராய்வுத் தட்டு ஒன்று, அதுதான் கிளட்ச். சேரும் அந்த ஓரிரு நொடி அது வழுக்குகிறது, வழுக்குவதால் சூடாகிறது. காலை முழுதும் எடுத்துவிட்டால் வழுக்கல் நின்றுவிடும். கார்களில் அது பெட்டிக்குள் மூடியிருக்கிறது. கூலன்டும் இல்லை, காற்றும் இல்லை. ஆகவே ஓட்டுநரின் கால்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

மேட்டில் வண்டி பின்னால் போகாமல் இருக்க, அரைக் கிளட்சில் பிடித்து நிற்பது அதைக் கொல்லும் பழக்கம். ஹேண்ட்பிரேக்கில் நிறுத்தி, கிளம்பும்போது மட்டும் கிளட்சை விட்டு, வண்டி இழுக்க ஆரம்பித்ததும் ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் தட்டு தேய்ந்துவிட்டது.

மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு வழிவிடவேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இந்தச் சூடும் இருக்கிறது. பாரத்தோடு ஏறும் வண்டியை நிறுத்தினால் அது மறுபடி கிளம்பக் கிளட்சைத்தான் எரிக்கவேண்டும். இறங்குகிறவர் ஒதுங்கிக் கொடுங்கள்.

கியர்பாக்ஸ் பற்றி இங்கே ஒன்று போதும். சிறிய கார்களில் முதல் கியரில் இன்ஜின் 14 சுற்றுப் போல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ஐந்தாவது கியரில் ஏறக்குறைய மூன்று சுற்றே போதும். சிறிய கியர் என்றால் சக்கரம் மெதுவாக, பலமாகச் சுற்றும். இறங்கும்போது இதே கணக்கு தலைகீழாக வேலை செய்கிறது. சக்கரம் இன்ஜினைச் சுற்றவேண்டியிருக்கிறது, சிறிய கியரில் அது கடினம். வண்டி தானே அடங்கும்.

இறக்கம்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். அடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். நான்கு பேரும் பெட்டிகளும் சேர்ந்து 1200 கிலோ எடையுள்ள காரைக் குன்னூர், பர்லியாறு வழியாகக் கீழே கொண்டுவருகிறீர்கள். 1900 மீட்டர் உயரத்திலிருந்து அந்த எடை இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், எட்டு லிட்டர் தண்ணீரைச் சுண்டவைத்து முழுதும் ஆவியாக்கப் போதும். அரை லிட்டர் பெட்ரோலுக்கு மேல் எரித்தால் வரும் சூடு அது. காற்றும் டயர்களும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யாராவது ஏற்றுக்கொண்டே தீரவேண்டும். ஒன்று பிரேக், இல்லையென்றால் இன்ஜின்.

பிரேக் பெடலை மிதித்தால், குழாயில் அடைபட்ட திரவம் அந்த அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது. முன்சக்கரத்தில் பேடுகள் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வுகின்றன. வண்டியின் ஓட்டம் அங்கே சூடாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்காகும். 30இல் இறங்குவதற்கும் 60இல் இறங்கி ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் மிதிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஊருக்குள் இரண்டு மிதிக்கு நடுவில் டிஸ்க் ஆற நேரம் கிடைக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலோ அந்த நேரம் கிடைப்பதில்லை.

எல்லை தாண்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். பேடு அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழந்தால், பெடல் கல்லாக நிற்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டானால், பெடல் பஞ்சாகி அடிவரை போய்விடும். அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. அதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது, 100க்கு 3.7 பங்கு ஈரம் சேர்ந்தபின் அந்தப் பாதுகாப்பு 155 டிகிரியாக இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205இலிருந்து 140. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காக. அளவு சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஈரத்தைக் காட்டும் சிறிய மீட்டர் நல்ல பட்டறைகளில் இருக்கும். மலைக்குப் போகும் முன் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜினிடம் அந்தச் சூட்டைக் கொடுப்பது எப்படி? எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். லாரி ஓட்டுநர்களின் இந்தப் பழைய விதி இன்றும் பிசகாதது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் இன்ஜினுக்குள் காற்று போகும் வழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. மூடிய வழியில் காற்றை இழுக்கப் பிஸ்டன் திணறுகிறது, அந்தத் திணறல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கை இலேசாக வைத்தபடியே இறங்காமல், வேகம் கூடியதும் அழுத்தமாக ஒருமுறை மிதித்துக் குறைத்து, காலை முழுதும் எடுத்து, டிஸ்க்கை ஆறவிடுங்கள்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. இன்ஜெக்ஷன் வண்டியைக் கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் தானே ஓட, பெட்ரோல் செலவாகிறது. இன்ஜினையே அணைத்து இறங்குவது இன்னும் மோசம். பிரேக்குக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டருக்கு இன்ஜின் ஓடினால்தான் வெற்றிடம் கிடைக்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் ‘டி’யிலேயே இறங்குகிறார்கள். உங்கள் லீவரில் ‘எல்’, ‘2’, அல்லது பிளஸ் மைனஸ் எது இருக்கிறதோ அதை மலைக்குப் போவதற்கு முன் சமதளத்தில் போட்டுப் பழகுங்கள். கிளட்சை வண்டியே இயக்கிக்கொள்ளும் ஏஎம்டி வண்டியில் மேட்டில் நிற்கும்போது ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது. உள்ளே எரிவது அதே கிளட்ச்தான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்த நொடியில், பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள். குமிழ் நசுங்கிக் கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள். ஹேண்ட்பிரேக் லீவரின் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே சிறிது சிறிதாக இழுங்கள். ஒரே வெட்டில் இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். கடைசி வழியாக, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள். நின்றபின் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டிஸ்க் தானாக ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையும்.

எந்தக் கோளாறும் இல்லாமல் இறங்கி வந்திருந்தாலும், அடிவாரத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தும்போது இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவேண்டாம், ஒரு சாண் தள்ளியே சூடு தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பேடு எப்போதும் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. ஊருக்குப் போனதும் எந்தச் சக்கரம் என்று சொல்லி அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.